ஜெசிந்தாவுக்குக் கொடுத்த வாக்கு

மேலாளர் பதவிக்கு ஆள் எடுப்பது எப்படி என்று என்னிடம் கேட்க வருகிற இளையவர்கள் எல்லோரும் கையில் ஒரு தாளோடு வருகிறீர்கள். அதில் கட்டங்கள் இருக்கின்றன. பேச்சுத் திறன், பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பது, நெருக்கடியில் நிதானம், குழுவோடு இணங்கிப் போவது, மேலிடத்தில் மாற்றுக் கருத்தைச் சொல்லும் துணிவு. ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். இதற்கு மொத்தமாக சாஃப்ட் ஸ்கில் என்று பெயர். கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் கம்பெனியில் அந்தத் தாளை முதலில் தயாரித்தவன் நானேதான்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். குண்டடத்திலிருந்து பஸ் ஏறி வந்து டைம் கீப்பராகச் சேர்ந்தவன், ஹெச்.ஆர். மேனேஜராக ஓய்வு பெற்றேன். இதற்கிடையில் எத்தனை பேரை நேர்காணல் செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. மனிதர்களை எடைபோடுவதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது என்பது மட்டும் தெரியும். எதிரே வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் ஆளைச் சொல்லிவிடுவேன் என்று காதர்பேட்டை டீக்கடை வரைக்கும் பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இன்று நேர்காணலுக்கு வருகிறவர்கள் நம்மைவிடத் தேர்ந்தவர்கள். கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பதில்களை மனப்பாடம் செய்து வருகிறார்கள். உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டால், அளவுக்கு மீறி உழைப்பதுதான் சார் என்று முகத்தைக் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டு சொல்கிறார்கள். வாட்ச்மேனிடம் எப்படி நடந்துகொள்கிறான் என்று பார்த்தால் ஆளின் குணம் தெரியும் என்று யாரோ ஒருவர் எப்போதோ சொல்லிவைத்தார். அதுவும் இப்போது எல்லோருக்கும் தெரியும். ஒருவர் எங்கள் வாட்ச்மேனின் கையைப் பிடித்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பத்து நிமிடம் விசாரித்துவிட்டு உள்ளே வந்தார். நானும் அசந்துபோய் அவருக்கு மதிப்பெண்ணை அள்ளிப் போட்டேன். அவர் போனபிறகு வாட்ச்மேன் வந்து, போன வாரம் இவர் அடுத்த தெருக் கம்பெனிக்கு வந்தபோதும் இதே கேள்விகளைத்தான் கேட்டாராம், அங்கே என் மச்சினன்தானுங்க வாட்ச்மேன் என்றார்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. இந்த ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் வேண்டப்பட்டவர்கள். வாட்ச்மேனுக்கு வாட்ச்மேன் மச்சினன். முதலாளிக்கு முதலாளி மாப்பிள்ளை, பங்காளி, இல்லையென்றால் சம்பந்தி. ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள இங்கே யாரும் கடிதம் எழுதுவதில்லை. போனை எடுத்து, ஏனுங்க, உங்ககிட்ட இருந்து ஒரு ஆள் வந்திருக்குதுங்களே என்று கேட்டுவிடுவார்கள். அரை நிமிட வேலை. அப்படிப்பட்ட ஒரு அரை நிமிடத்தைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருடம் முன்பு நடந்தது. அருள்புரத்தில் எங்கள் இரண்டாவது யூனிட்டுக்கு ஃபேக்டரி மேனேஜர் தேவைப்பட்டது. குழந்தைகள் உடுப்பு தைக்கிற யூனிட். முந்நூறு பேர். பாதிக்குமேல் பெண்கள். தெற்கே இருந்து வந்த குடும்பங்கள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள், பக்கத்து ஊர்க்காரர்கள் என்று எல்லோரும் கலந்திருப்பார்கள். அவர்களுக்குள் சண்டை வராமலும், சண்டை வந்தால் ஷிப்மென்ட் நிற்காமலும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். தையல் தெரிந்தவர்கள் இந்த ஊரில் நிறைய. இது தெரிந்தவர்கள் குறைவு.

வந்தவர்களில் ஜெசிந்தா என்றொரு பெண்மணி. நாற்பது வயதிருக்கும். நாசரேத் பக்கத்துக்காரர். கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு கம்பெனியில் தைத்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் வேலைக்குச் சேர்ந்து, பதினாலு வருடமாக அதே கம்பெனியில் படிப்படியாக ஏறி, ஒரு மாடி முழுவதற்கும் பொறுப்பாளராகியிருந்தார். கணவருக்கு முதுகில் ஆபரேஷன் ஆனபிறகு வண்டி ஓட்டும் வேலைக்குப் போக முடியவில்லை. மகள் அந்த வருடம்தான் நர்சிங் சேர்ந்திருந்தாள். வீட்டில் சம்பாதிப்பவர் இவர் ஒருவர்தான்.

அவர் அழகாகப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். வழக்கமாக இந்தக் கேள்விக்குத் தவறு போல வேஷம் போட்ட ஒரு சாதனைதான் பதிலாக வரும். ஜெசிந்தா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். சரக்கு வாங்குகிற பையர் தரப்பிலிருந்து ஆள் வந்து பார்க்கிற நாளில், எண்ணெய்க் கறையோடு சில பீஸ்கள் அகப்பட்டனவாம். செக்கிங்கில் இருந்த ஒரு பெண்ணைத் தையல் லைன் முழுக்கப் பார்க்கும்படி திட்டிவிட்டாராம். மறுநாள் பார்த்தால், கறை செக்கிங் முடிந்தபிறகு பேக்கிங் மேசையிலிருந்து ஒட்டியது என்று தெரிந்திருக்கிறது. என்ன செய்தீர்கள் என்றேன்.

"மெஷினை எல்லாம் நிப்பாட்டச் சொல்லி, அந்தப் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டேன் சார். திட்டினது எல்லார் முன்னாடியும். மன்னிப்பை மட்டும் தனியா கூப்பிட்டுக் கேட்டா அது நல்லாயிருக்காதுல்லா."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எத்தனையோ பட்டம் படித்தவர்களிடம் தேடிக் கிடைக்காத பதில் அது. அந்த இடத்திலேயே என் மனதில் அவர் மேனேஜர் ஆகிவிட்டார்.

எழுந்து போகும்போது ஒன்று கேட்டார். தற்போதைக்கு அவருடைய கம்பெனிக்கு யாரும் போன் செய்ய வேண்டாம் என்றார். அங்கே ஒருவர் வேறு இடத்தில் நேர்காணலுக்குப் போனார் என்று தெரிந்தாலே சாயங்காலம் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்களாம். இங்கே வேலை உறுதியானால் அவரே முறைப்படி சொல்லிக்கொண்டு, நடந்துகொண்டிருக்கிற ஷிப்மென்டை முடித்துக் கொடுத்துவிட்டு வருவார். அதுவரைக்கும் இது வெளியே போகக்கூடாது.

"பயப்படாதீங்க. இது எங்கிட்டயே இருக்குமுங்க" என்றேன்.

இந்த வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். நீங்களும் சொல்வீர்கள். மிகச் சுலபமாக வாயில் வருகிற வார்த்தை.

மறுநாள் மத்தியானம் முதலாளியின் அறையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் முதலாளி நல்ல மனிதர். தோட்டத்தை விற்று ஆறு மெஷினோடு ஆரம்பித்து மேலே வந்தவர். கோபம் வந்தால்கூட ‘ங்க’ போடாமல் பேசமாட்டார். டீ வந்தது. ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்ட கதையையும் சொன்னேன். அவருக்கும் பிடித்துவிட்டது. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தவர் முகம் மலர்ந்தார். ஜெசிந்தா வேலை பார்த்த கம்பெனி, முதலாளியின் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளையுடையது. அட, இது நம்ம மாப்ள கம்பெனிங்களே என்று சொல்லிக்கொண்டே மேசைமேல் இருந்த போனை எடுத்தார்.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மணி அடித்தது. என் கையில் டீ தம்ளர்.

அப்போது எனக்குள் என்ன ஓடியது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். வேண்டாமுங்க, அந்தம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேனுங்க என்று சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. வாக்கியம் முழுதாக நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் முதலாளி ஒரு காரியத்தில் இறங்கியபிறகு குறுக்கே பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பெரியவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம். பாதி நேரம் அது பயம்தான். மாப்பிள்ளை போனை எடுக்காமல் போய்விடலாம் என்று நினைத்தேன். எடுத்தாலும் நல்லதாகத்தானே சொல்வார் என்று நினைத்தேன். பேசி முடித்ததும் முதலாளியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம் என்றும் நினைத்தேன். மேலிடத்தில் மாற்றுக் கருத்தைச் சொல்லும் துணிவு என்ற கட்டத்தில் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் மதிப்பெண் போட்டவன், நான்காவது மணி அடிக்கும்வரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை எடுத்தார். முதலாளி குசலம் விசாரித்துவிட்டு, உங்க கம்பெனிப் புள்ள ஒண்ணு நம்மகிட்ட இன்டர்வியூவுக்கு வந்திருக்குதுங்க, எப்படீங்க என்றார். ஒரு நொடி சத்தமில்லை. பிறகு மாப்பிள்ளை சிரித்தார். தங்கமான புள்ளைங்க, கண்ணை மூடிட்டு நம்பலாமுங்க என்றார். இரண்டு பேரும் அடுத்த முகூர்த்தத்தில் வரப்போகும் ஒரு கல்யாணத்தைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தார்கள். எனக்கு நிம்மதியாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நல்லதாகப் போயிற்று, ஜெசிந்தாவுக்குச் சிபாரிசும் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு என் அறைக்கு வந்தேன். அந்த ஒரு நொடி மௌனம் என் காதில் விழுந்தது. பிறர் சொல்லாததையும் கேட்கத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிய நான், அதைக் கேட்காதது போல எழுந்து வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஜெசிந்தா எங்கள் கேட்டுக்கு வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே டிபன் பாக்ஸும், நூல் பிசிறு வெட்டுகிற அவருடைய சின்னக் கத்தரியும், ஒரு பிள்ளையார் படமும் ஒரு மாதா படமும் இருந்தன. பிள்ளையார் படம் லைனில் இருந்த பெண்கள் அவருக்குக் கொடுத்ததாம். அவருடைய முதலாளி, அந்த மாப்பிள்ளை, திட்டவில்லை. காலையில் கூப்பிட்டு உட்காரவைத்து, வேற நல்ல எடமாப் பாத்துட்டீங்களாமா, ரொம்பச் சந்தோசமுங்க, இன்னையில இருந்து நீங்க சிரமப்பட வேண்டாமுங்க என்று சொல்லிவிட்டார். இதைவிட மரியாதையாக ஒருவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

ஜெசிந்தா அழவில்லை. யார் சொன்னார்கள் என்று மட்டும் கேட்டார். முதலாளி போன் பண்ணிட்டாருங்கம்மா, எனக்கு... என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். மீதியை அவராகவே நிரப்பிக்கொண்டார். எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். முடிக்காத வாக்கியம் பொய்யாகாது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இங்கே வேலை உண்டா சார், அதை மட்டும் சொல்லுங்க என்றார். நிச்சயம் உண்டும்மா, இரண்டு நாள் கொடுங்க என்று அனுப்பினேன்.

முதலாளியிடம் போனால் அவர் தலையைத் தடவிக்கொண்டார். நடந்ததைக் கேட்டு அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் மாப்பிள்ளை வேலையை விட்டு அனுப்பிய ஆளை மறுவாரமே நாம் எடுத்தால், நாம்தான் ஆசைகாட்டி இழுத்தோம் என்று ஆகிவிடும். வருகிற கல்யாணத்தில் தங்கச்சி முகத்தை எப்படிப் பார்ப்பது என்றார். கொஞ்ச நாள் போகட்டுமுங்க என்றார். கொஞ்ச நாள் என்றால் இல்லை என்று அர்த்தம், அது உங்களுக்கும் தெரியும். இருந்த வேலையும் போய், வரவேண்டிய வேலையும் போயிற்று அந்தப் பெண்மணிக்கு. இரண்டுக்கும் காரணம் அதே அரை நிமிடம்.

அடுத்த இரண்டு நாள் தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான் செய்தேன். தெரிந்த கம்பெனிகளுக்கெல்லாம் போன் போட்டேன். மாப்பிள்ளை அனுப்பிய ஆளா என்று கேட்டு எல்லோரும் பின்வாங்கினார்கள். மூன்றாம் நாள் வேறு வழியில்லாமல் முதலாளி முன்னால் போய் நின்றேன். நேர்காணலில் ஜெசிந்தா என்ன கேட்டார், நான் என்ன வாக்குக் கொடுத்தேன், அவர் போனை எடுத்தபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"இத அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நான் போனைத் தொட்டிருப்பனுங்களா?"

தொட்டிருக்கமாட்டார். அதுதான் என்னால் இன்றும் தாங்க முடியாதது. கோபித்துக்கொள்வார், வேலையை விட்டுத் தூக்குவார் என்று நான் பயந்திருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. அப்படி எதுவும் நடந்திருக்காது. ஓ, அப்படீங்களா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு டீயைக் குடித்திருப்பார். இல்லாத பயத்துக்கு ஒரு குடும்பத்தின் சோற்றைப் பணயம் வைத்துவிட்டேன்.

முதலாளி மாப்பிள்ளையிடம் நேரிலேயே போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்ததும் நியமனக் கடிதத்தைத் தட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க என்றார்.

அருள்புரத்தில் வரிசையாக ஆறு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில் ஜெசிந்தாவின் வீடு. கணவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். எனக்கு நாற்காலி போட்டார்கள். கடிதத்தைக் கொடுத்தேன். ஜெசிந்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரைக்கும் படித்தார். சம்பளம் பழையதைவிட அதிகம். கணவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சார், உங்க முதலாளி போன் போடும்போது நீங்க எங்க இருந்திய?"

பக்கத்து ரூமில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சாப்பிடப் போயிருந்தேன் என்றும் சொல்லியிருக்கலாம். யாரும் எதிர்த்துப் பேச வரப்போவதில்லை. சின்னதாக ஒரு பொய் சொன்னால் அவருக்கு வேலை, எங்களுக்கு நல்ல மேனேஜர், மகளுக்குப் படிப்பு, எல்லாம் சரியாகிவிடும். என் நண்பர்கள் சிலர் இன்றைக்கும் நீ அங்கே பொய் சொல்லியிருக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்மணி மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். போன் நான்கு முறை அடிக்கும்வரை நேரம் இருந்தது, நான் பேசவில்லை என்றேன். மன்னிச்சுக்குங்கம்மா என்றேன். அவர் கணவர் முன்னாலேயே சொன்னேன்.

ஜெசிந்தா கடிதத்தை எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். கோபம் தெரியவில்லை. எனக்குப் புரியவேண்டும் என்கிற அக்கறைதான் குரலில் இருந்தது.

"உண்மையைச் சொன்னிய சார், அது போதும். ஆனா நான் வரல. நாளைக்கு என் லைன்ல ஒரு பிள்ளை, அக்கா, இத வெளிய சொல்லிராதீயன்னு எதையாவது எங்கிட்ட சொல்லும். சூப்பர்வைசர் கையைப் பிடிச்சான்னு சொல்லும். அத நான் கொண்டாந்து உங்ககிட்டதான சார் சொல்லணும்?"

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெசிந்தா அவர் பக்கம் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். டீ குடித்துவிட்டுப் போங்க சார் என்றார்கள். குடித்தேன். மறுத்தால் அது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

ஒரு மேலாளருக்கு வேண்டிய குணங்களை அளக்க நான் எத்தனையோ கேள்விகள் தயாரித்திருக்கிறேன். அவர் என்னை அளந்தது அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றால். தன் கையில் வேலை இல்லாத நேரத்தில், மருந்துச் சீட்டோடு கணவர் பக்கத்தில் இருக்கும்போது, இன்னும் தன்னிடம் வேலைக்கே வராத ஏதோ ஒரு பெண்ணுக்காக அதைக் கேட்டார்.

இனி நீங்கள் நேர்காணல் எடுக்கும் மேசையில் உட்காரும்போது ஒன்று செய்யுங்கள். எதிரே இருப்பவர் ஒன்றை ரகசியமாக வைக்கச் சொன்னால், சரி என்று சொல்வதற்கு முன்னால், இதை யாரிடமெல்லாம் போய்த் தடுக்க வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். தடுக்க உங்களால் முடியாது என்றால் அதை அவரிடமே சொல்லிவிடுங்கள். முடியும் என்றால், அவர் நாற்காலியை விட்டு எழுந்த உடனேயே போய்த் தடுத்துவிடுங்கள். முதலாளியின் கை போனுக்குப் போனபிறகு உங்களுக்குத் தைரியம் வரும் என்று நம்ப வேண்டாம். எனக்கு வரவில்லை.

அந்தப் பதவிக்கு நாங்கள் வேறொருவரை எடுத்தோம். பரவாயில்லாமல் பார்த்தார். ஜெசிந்தா மூன்று மாதம் வேலையில்லாமல் இருந்தார் என்றும், மகள் ஒரு பருவம் படிப்பை நிறுத்திவைத்துப் பிறகு சேர்ந்தாள் என்றும், அவர் பல்லடம் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் லைன் சூப்பர்வைசராகப் போய்விட்டார் என்றும் எங்கள் டைலர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். பதினாலு வருடத்தில் ஏறியதில் பாதிப் படிகள் இறங்கி, மறுபடி ஏற ஆரம்பித்திருக்கிறார். இறக்கிவிட்டவன் நான்.